மரத்தில் பெயர் இல்லாத கீரி

ஒரு காட்டில் பெண் விலங்குகளுக்கென்றே ஒரு கல்லூரி இருந்தது, பிள்ளைகளே. பாடம் எப்படியோ, அங்கே கூடைப்பந்து மட்டும் பிரமாதமாக நடக்கும். அடி போன மூங்கில் கூடை ஒன்றைக் கிளையில் கட்டியிருந்தார்கள். அதில் பந்தைப் போடுகிறவளின் பெயரை மரங்கொத்தி உடனே வேங்கை மரத்தில் கொத்திவிடும். அது அந்தக் கல்லூரியின் வழக்கம்.

பவளாயி என்ற கீரி அந்த அணியின் பாயிண்ட் கார்டு. பந்தைத் தட்டிக்கொண்டே வந்து, யார் தனியாக நிற்கிறாள் என்று பார்த்து, அவளிடம் கொடுப்பது இவள் வேலை. நான்கு வருடமாகக் கொடுத்தாள். வாங்கிப் போட்ட கரடியின் பெயர் மரம் முழுக்க இருந்தது. பவளாயியின் பெயர் ஓர் இடத்திலும் இல்லை.

"கொடுத்தவள் பெயரைக் கொத்துகிற வழக்கமில்லை" என்று மரங்கொத்தி கறாராகச் சொல்லிவிட்டது.

அவள் படிப்பு முடிகிற வருடத்தின் கடைசி ஆட்டம் வந்தது. எதிரணி மலையடிவாரக் கல்லூரி. அதன் தலைவி நரி. முதலில் பத்துக் கூடை போடும் அணிக்குக் கோப்பை.

ஆட்டத்துக்கு முன் நரி பவளாயியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

"உன்னை நினைச்சா மனசு கேக்கலடி. ஓடி ஓடித் தேயுறது நீ, பேரு கரடிக்கா? இன்னைக்காவது நீயே போட்டுடு."

பவளாயிக்குச் சுருக்கென்றது. அந்த ஆசை அவளுக்கும் இருந்தது. ஆனால் கடைசி நாளில் நரிக்கு எதற்கு இத்தனை கரிசனம்?

"நீங்க சொல்றதுதான் சரிக்கா. இன்னைக்கு எல்லாத்தையும் நானே போடுறேன்" என்றாள் பணிவாக.

நரி தன் கூட்டத்திடம் ஓடியது. "கரடியை விட்டுடுங்க. எல்லாரும் கீரியை மடக்குங்க. இன்னைக்கு அவ யாருக்கும் பந்து தரமாட்டா."

ஆட்டம் தொடங்கியது. "இதோ, நானே போடுறேன்" என்று பவளாயி கூவினாள். ஐந்து பேரும் அவள்மேல் பாய்ந்தார்கள். பந்து அவர்கள் கால்களுக்கிடையே உருண்டு கரடியிடம் போனது. தடுக்க ஆளில்லை. கரடி கொட்டாவி விட்டபடியே கூடையில் போட்டது.

"பழக்கதோஷம்க்கா, கை தானா கொடுத்துடுச்சு. அடுத்தது நானேதான்" என்றாள் பவளாயி.

நரி நம்பியது. அடுத்த முறையும் நம்பியது. அதன் அணியும் சளைக்காமல் ஆடியதால் எண்ணிக்கை ஒன்பதுக்கு ஒன்பது என்று வந்து நின்றது. அப்போதுதான் நரிக்குப் புத்தி வந்தது.

"அவ பேச்சைக் கேக்காதீங்க. எல்லாரும் கரடியைப் பிடிங்க."

பந்து பவளாயியிடம் வந்தது. அவளைச் சுற்றி ஈ காக்கை இல்லை.

"நரியக்கா, இந்தத் தடவை சத்தியமா நானே போடப் போறேன்."

"போடி புளுகி" என்று நரி சிரித்தது.

பவளாயி நிதானமாகக் கூடையின் அடியில் போய் நின்றாள். நான்கு வருடத்தில் ஒரு முறைகூடப் போட்டதில்லையே. கண்ணை மூடிக்கொண்டு எறிந்தாள். பந்து கூடையின் விளிம்பை இரண்டு முறை சுற்றிவிட்டு உள்ளே விழுந்தது.

மரங்கொத்தி பறந்து வந்தது. "உன் பெயரை எங்கே கொத்தட்டும்?"

"கீழே, என் கண்ணுக்கு எட்டுற இடத்துல. பக்கத்துலயே நரியக்கா பேரையும் கொத்திடு."

"கூடை போட்டவளுக்குத்தான் பெயர். நரி என்ன செய்தது?"

"என்னைப் போடச் சொல்லி யோசனை கொடுத்தது அவங்கதானே."

மரங்கொத்தி கொஞ்சம் யோசித்தது. பிறகு முதன்முறையாக வழக்கத்தை மீறி, கொடுத்தவளின் பெயரையும் மரத்தில் கொத்தியது. அதை நரி நின்று பார்க்க வேண்டியதாயிற்று.

நீதி: பிறர் ஆசையைத் தூண்டிவிட்டுக் காரியம் சாதிக்க நினைப்பவர், அந்த ஆசையிடமே தோற்பார்.