கீரி வாசலில் கற்குவியல்

இந்தக் கதையைப் பல வருடங்களாக நான் நம்பவில்லை. சொன்னது ஒரு மீன்கொத்தி. குளத்துக்கு மேலே ஒரு கிளையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்ததாகச் சொன்னது. விலங்குகள் இப்படியுமா நடந்துகொள்ளும் என்று நினைத்தேன். வயது ஏற ஏற அந்தச் சந்தேகம் குறைந்துகொண்டே வருகிறது.

காட்டின் நடுவே ஒரு தாமரைக் குளம். அதன் கரையில் கீரியும் ஆமையும் வைத்தியம் பார்த்தன.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம். மருந்தைப் பற்றிப் பேசும்போது யார் ஒரு வைத்தியரின் பெயரைச் சொன்னாலும், அந்த வைத்தியரின் வாசலில் ஒரு கூழாங்கல் போட வேண்டும். யாருடைய குவியல் உயரமோ அவரே பெரிய வைத்தியர். இதைக் கவனிக்க ஒரு கிழட்டுக் குரங்கு இருந்தது.

ஆமை எந்த மருந்தையும் முதலில் தானே தின்று பார்க்கும். பல மழைக்காலம் காத்திருந்து, பிறகுதான் வாயைத் திறக்கும். கீரி அப்படியில்லை. ஒரு செடியின் இலையை ஒரு பௌர்ணமியில் அறிவிக்கும். அதே செடியின் தண்டை அடுத்த பௌர்ணமியில். வேரை அதற்கும் அடுத்ததில்! ஒவ்வொரு முறையும் அதன் மைத்துனக் கீரிகள், "எங்கள் மச்சான் கீரி கண்டுபிடித்த மருந்து!" என்று கத்திக்கொண்டே கல் போடும்.

ஒரு கோடையில் புள்ளிமானின் குட்டிக்குக் கடும் காய்ச்சல். தாய் மான் அதை மெல்ல முட்டி நடத்திக்கொண்டு குளக்கரைக்கு வந்தது. கீரியின் வாசலில் மலைபோலக் கற்கள். ஆமையின் வாசலில் ஒரு பிடிகூடத் தேறாது.

மான் கீரியின் வளையை நோக்கி நடந்தது.

"தங்கச்சி, நில்!" என்றது ஆமை. "கீரி தரும் வேர் குட்டிகளுக்கு ஆகாது. என்னிடம் ஒரு பட்டை இருக்கிறது. மெதுவாகத்தான் கேட்கும். ஆனால் கேட்கும்."

"அண்ணே, உங்கள் வாசலைப் பாருங்கள். அந்த வாசலையும் பாருங்கள்! கல் போட்ட இத்தனை பேரும் பைத்தியமா?"

ஆமை பதில் சொல்வதற்குள் குரங்கு குதித்து வந்தது. "ஆமை! கீரியின் பெயரைச் சொன்னாயே! எடு ஒரு கல்லை!"

ஆமை ஒரு கல்லை வாயில் கவ்வியது. கல் வாயில் இருக்கும்போது எப்படிப் பேசுவது?

கீரி வாசலுக்கே வந்து வரவேற்றது. "வாம்மா, வா! குவியலைப் பார்த்துத்தானே வந்தாய்? எல்லோரும் அப்படித்தான் வருகிறார்கள்!"

குட்டி வேரை மென்றது. பொழுது சாய்வதற்குள் அதன் கால்கள் விறைத்தன. தாய் நக்கிக்கொண்டே இருந்தது. குட்டி எழவில்லை.

மறுநாள் காலையில் எல்லா விலங்குகளும் தண்ணீர் குடிக்கக் கூடியிருந்தபோது மான் அலறியது. "கீரி கொடுத்த வேர் என் பிள்ளையைக் கொன்றுவிட்டது!"

யாரும் திடுக்கிடவில்லை. மானுக்குத்தான் தூக்கிவாரிப் போட்டது.

"எனக்கும் அப்படித்தான் ஆச்சு, தாயி," என்றது காட்டுப்பன்றி. "அதோ, அந்தக் கறுப்புக் கல் நான் போட்டது. என் கடைக்குட்டி செத்த அன்று இங்கேயே நின்று கத்தினேன்."

"அந்த வெள்ளைக் கல் என்னுடையது," என்றது முயல். "என் பிள்ளைகள்..."

மான் குவியலை ஏறிட்டுப் பார்த்தது. "அப்படியானால் இதெல்லாம்?"

"அடியில் கிடப்பவை மைத்துனர்கள் போட்டவை," என்றது பன்றி. "மேலே இருப்பதெல்லாம் நம்மைப் போன்றவர்கள் போட்டது."

"ஐயோ! இதை நம்பித்தானே வந்தேன்!"

கீரி மீசையைத் துடைத்துக்கொண்டது. "நான் ஒரு பொய்யாவது சொன்னேனா? நீயேதான் குவியலைப் பார்த்து வந்தாய்!"

குரங்கு மானின் அருகே வந்தது. அதன் குரலில் கோபமே இல்லை. "அழுகையை அப்புறம் வைத்துக்கொள், அம்மா. கீரியின் பெயரைச் சொல்லிவிட்டாய். ஒரு கல் போட்டுவிட்டுப் போ."

"கொன்றுவிட்டது என்றுதானே சொன்னேன்!"

"என்ன சொன்னாய் என்று பார்ப்பது என் வேலையில்லை. பெயர் வந்ததா இல்லையா?"

மான் குனிந்து ஒரு கல்லைக் கவ்வியது. தள்ளாடி நடந்துபோய், குவியலின் உச்சியில் அதை வைத்தது.

அன்று மாலை, தூரத்து மலையிலிருந்து ஒரு கரடி காய்ச்சலில் கிடந்த குட்டியை முதுகில் சுமந்துகொண்டு வந்தது. யாரிடமும் வழி கேட்கவில்லை. குவியல்தான் அவ்வளவு தூரத்திலிருந்தும் தெரிந்ததே!

ஒருவரின் பெயரை எத்தனை பேர் சொல்கிறார்கள் என்று எண்ணும் முன், எதற்காகச் சொல்கிறார்கள் என்று கேளுங்கள்.

போன மாதம் மீன்கொத்தியை மறுபடியும் பார்த்தேன். இத்தனை வருடம் கேட்கத் தயங்கியதைக் கேட்டுவிட்டேன்: "மான் வந்தபோதும் கரடி வந்தபோதும் நீ மேலேதானே இருந்தாய்? ஏன் எச்சரிக்கவில்லை? உன் அலகில் அப்போது இருந்தது மீனா, கல்லா?"