தொண்ணூற்றைந்து என்றது கருவி

உப்பளங்களுக்கு நடுவே ஒரு சிறிய மருத்துவமனை இருந்தது. அதன் தலைமை மருத்துவர் செங்கமலம். அவரிடம் பயிற்சி பெறுவதற்காக, அவரைவிடப் பத்து வயது மூத்தவரான கோதண்டம் நகரத்து மருத்துவர் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார். வெளுத்த மேனியர், எதையும் சரிபார்த்தே நம்புபவர்.

ஒருநாள் காலையில், உப்பளத்தில் வேலை செய்யும் பேச்சியம்மாளை அவருடைய கணவர் அழைத்துவந்தார். சில நாள்களாகக் காய்ச்சல். அன்று மூச்சுத் திணறலும் சேர்ந்திருந்தது.

கோதண்டம் பேச்சியம்மாளின் கரிய விரலில் ஆக்சிஜன் அளக்கும் கருவியைப் பொருத்தினார். எண் தோன்றியது: தொண்ணூற்றைந்து.

"பயப்பட ஒன்றுமில்லை. மாத்திரை தருகிறேன், வீட்டுக்குப் போகலாம்."

"மெஷினு நல்லாருக்குங்குது. இவ நல்லால்லியே சார்" என்றார் கணவர்.

"கருவியில் பழுதில்லை. காலையில் என் விரலில் வைத்துப் பார்த்தேனே!"

"அப்ப நீங்க நல்லாருக்கீங்க. சந்தோசம் சார்."

செங்கமலம் எழுந்து வந்து பேச்சியம்மாளின் அருகில் அமர்ந்தார்.

"காலையில என்னக்கா சாப்பிட்டீங்க?"

"கஞ்சி…" மூச்சு வாங்கியது. "தொட்டுக்க…" மறுபடியும் வாங்கியது. மீதியைக் கையசைவில் விட்டுவிட்டார்.

"என்னைய ஏசுறப்ப நிறுத்தாம ஏசுவா டாக்டரம்மா" என்று சிரிக்க முயன்ற கணவரின் குரல் உடைந்தது.

செங்கமலம் பேச்சியம்மாளின் கீழுதட்டை மெல்ல விலக்கிப் பார்த்தார். உள்ளே நீலம் பாரித்திருந்தது. ஆக்சிஜன் கொண்டுவரச் சொல்லிவிட்டு, அது வருவதற்குள் மணிக்கட்டுத் தமனியிலிருந்து இரத்தம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்.

இரத்தம் சொன்ன எண் எண்பத்தைந்து.

கோதண்டம் அதை இருமுறை படித்தார்.

"கருவி பொய் சொல்கிறதா, அம்மா?"

"அது தோலுக்குள் ஒளியைச் செலுத்தி அளக்கிறது. அதற்குக் கணக்குக் கற்பித்தவர்கள் பெரும்பாலும் வெளுத்த விரல்களையே காட்டினார்கள். உங்கள் விரலை அதற்கு நன்றாகத் தெரியும். இவருடைய விரலை அவ்வளவாகத் தெரியாது."

"அப்படியானால் தூக்கி எறிந்துவிடட்டுமா?"

"வேண்டாம். எத்தனையோ உயிர்களுக்காக அதற்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். முடிவெடுக்கும் வேலையை மட்டும் அதனிடம் கொடுக்காதீர்கள்."

கோதண்டம் நோயாளியின் பக்கத்திலேயே அமர்ந்து, ஆக்சிஜன் முகமூடி நழுவாமல் பிடித்துக்கொண்டார். நண்பகலுக்குள் பேச்சியம்மாளின் மூச்சு ஓரளவு தணிந்தது. முதலில் அவர் கணவரைத்தான் பார்த்தார்.

"அழுதீராமே? நான் சாகலியேன்னா?"

"ஏசுறா சார், ஏசுறா!" கணவர் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

பேச்சியம்மாள் கோதண்டத்தை நோக்கிக் கைகூப்பினார். "உசுரக் காப்பாத்திக் குடுத்தீங்க சார். எம்புள்ளைக உங்கள மறக்காது."

கோதண்டம் எழுந்து வெளியே சென்றார். செங்கமலம் பின்தொடர்ந்தார்.

"அவரை வீட்டுக்கு அனுப்ப இருந்தவன் நான். அந்த நன்றியை நான் எப்படி வாங்கிக்கொள்வேன், அம்மா?"

"வாங்கிக்கொள்ளுங்கள். இதே எண்ணைப் பார்த்து, இந்த வாரத்தில் நீங்கள் வீட்டுக்கு அனுப்பியவர்கள் இருக்கிறார்கள். அவர்களை மறுபடியும் பார்க்க அவர்களுடைய வாசல்வரை நடப்பதற்கு, உங்களுக்கு அந்த நன்றி தரும் பலம் வேண்டும்."