பெயரைச் சொன்ன சருகுமான்

மூங்கில் காட்டின் நடுவே ஒரு குளம். மழைக்காலத்தில் அதன்மேல் பகலெல்லாம் மூடுபனி படுத்துக் கிடக்கும். கரையில் ஒரு சருகுமான் வசித்தது. யாருக்கு என்ன குறை என்றாலும் அதனிடம்தான் வருவார்கள். அது யாரையும் யாரிடமும் அனுப்பாது. தானே ஓடிப்போய், தெரிந்தவரிடம் செய்யும் முறையைக் கேட்டு வந்து சொல்லும். நான் இல்லாவிட்டால் இந்தக் குளம் என்ன ஆகும் என்று நினைத்தபடியே கண்ணயர்வதில் அதற்கு ஒரு சுகம்.

அந்த வருடம் மழை விடவில்லை. குளம் சத்தமில்லாமல் ஏறியது. நாணலுக்குள் நீர்க்கோழியின் கூடு அவிழத் தொடங்கியது. உள்ளே முட்டைகள்.

"இதை எப்படிக் கட்டுவது?" என்று நீர்க்கோழி தவித்தது.

"இரு, கேட்டு வருகிறேன்."

கூடு பின்னத் தெரிந்த தூக்கணாங்குருவியிடம் சருகுமான் ஓடியது. குருவி முடிச்சுப் போடும் விதத்தைப் பொறுமையாகச் சொன்னது. பனிக்குள் திரும்பி வருவதற்குள் சருகுமானுக்குப் பாதி மறந்துவிட்டது.

"நுனியைக் கீழே விட்டு... இல்லை, மேலே விட்டு..."

நீர்க்கோழி அப்படியே செய்தது. முடிச்சு நழுவியது. ஒரு முட்டை நீரில் விழுந்து, நிலவுபோல் கொஞ்சம் ஒளிர்ந்து, மறைந்தது.

"மறுபடி கேட்டு வரட்டுமா?"

"வேண்டாம்," என்றது நீர்க்கோழி. "யாரிடம் கேட்டாய்? பெயரை மட்டும் கொடு. நானே கூப்பிட்டுக்கொள்கிறேன்."

சருகுமான் தயங்கியது. பெயரைக் கொடுத்துவிட்டால் அப்புறம் தன்னை யார் தேடுவார்? அது அவிழும் கூட்டைப் பார்த்தது.

"தூக்கணாங்குருவி," என்றது மெல்ல. "ஈச்சமரத்தில்."

நீர்க்கோழி கூப்பிட்டது. பனியிலிருந்து குருவி இறங்கி வந்தது.

"உன்னிடம் என்ன இருக்கிறது?" என்று கேட்டது.

"நாணல்தான்."

"போதும். எதைக் கொடுத்தாலும் பின்னுவேன்."

குருவி நாணலை வளைத்தது, முடிச்சுப் போட்டது. நீருக்கு மேலே ஒரு புதுக்கூடு எழுந்தது. மிச்ச முட்டைகளை நீர்க்கோழி அலகால் உருட்டி ஏற்றிக்கொண்டது.

அடுத்து ஒரு கீரி நனைந்து வந்தது. "என் வளைக்குள் தண்ணீர்."

"மண் தோண்டத் தெரிந்தது அழுங்கு, அந்தச் செதில் போர்த்த எறும்புத்தின்னி. பாறைக்குப் பின்னால் இருக்கும்," என்றது சருகுமான். கீரி ஓடியது.

இப்படியே வந்தவர்களுக்கெல்லாம் பெயர் சொன்னது. பனிக்குள் எங்கெங்கோ அழைப்புகளும், பதில்களும் கேட்டன. மழை ஓய்ந்தபோது சருகுமான் தனியே நடுங்கிக்கொண்டு நின்றது.

"அங்கேயே ஏன் நிற்கிறாய்?" என்றது நீர்க்கோழி. "நாணல் மறைவுக்கு வா. நீ சொல்லியிராவிட்டால் நான் யாரைக் கூப்பிட்டிருப்பேன்?"

செய்யத் தெரிந்தவரின் வேலையை நம் வாயால் திருப்பிச் சொல்வதைவிட, அவர் பெயரைச் சரியாகச் சொல்லிவிடுவதே பெரிய உதவி.