பீவர் உயர்த்திய அணை

வடக்கே, அனிஷினாபே மக்கள் வாழும் பனி நாட்டில் ஓர் ஏரி இருந்தது. அதன் நீரில் காட்டரிசி தானாகவே விளைந்தது. அங்கிருந்த உயிர்களுக்கு அதுதான் பெரிய ஆகாரம்.

மரத்தைப் பல்லால் கொறித்து வெட்டி நீரில் அணை கட்டுவது பீவர் என்ற விலங்கின் வேலை. நீர் எவ்வளவு நிற்கலாம் என்று முடிவு செய்வது ஏரிச் சபையின் வேலை. நாரை தலைமை தாங்கும். ஒவ்வோர் இனமும் தன் குறையைச் சொல்லும்.

பீவருக்குச் சபை என்றாலே அலுப்பு. பல்லுக்கு வேலை இருக்கும்போது காதுக்கு எதற்கு வேலை என்று நினைத்தது.

கோடையின் தொடக்கத்தில் மலைக்கு அப்பாலிருந்து ஓநாய் வந்தது.

"கட்டுவது நீ, கட்டளையிடுவது அவர்களா? அணையை இரண்டு முழம் உயர்த்து! உன் வீட்டு வாசல் நீருக்கடியில் ஆழத்தில் இருக்கும். எந்தப் பகையும் அண்டாது!" என்றது.

பீவர் யாரையும் கேட்கவில்லை. மூன்றே நாளில் அணையை உயர்த்திவிட்டது.

நீர் ஏறியதும் வாத்து அலறிக்கொண்டு வந்தது. "பீவரண்ணே! இளம்பயிர் வேரோடு பிடுங்கிக்கொண்டு மிதக்கிறதே!"

பீவர் நீந்திப் போய்ப் பார்த்தது. நேராக ஓநாயிடம் ஓடியது.

"உன் பேச்சைக் கேட்டு ஏரியே பாழாகிறது!"

ஓநாய் வாயை நக்கிக்கொண்டது. "என் வாசலுக்கா தண்ணீர் வந்தது? ஏரிக்கரைப் புல்வெளி மூழ்கியதும் முயல்களெல்லாம் இங்கே ஓடி வந்தன. எனக்கு நல்ல விருந்து!"

பீவர் தலைகுனிந்து சபையில் நின்றது. "தப்பு என்னுடையது. இப்போதே அணையை உடைத்துவிடுகிறேன்!"

"ஐயோ, வேண்டாம்!" என்றது ஆமை. "ஒரேயடியாக உடைத்தால் கீழ்க்கரை மணலில் இருக்கும் என் முட்டைகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விடும்!"

பீவருக்கு அது தெரியவே தெரியாது. அன்றுதான் அது முதன்முதலாகச் சபை முடியும்வரை உட்கார்ந்து கேட்டது.

"நாளுக்கு ஒரு சாண் இறக்கலாம். சம்மதமா?" என்று நாரை எல்லோரையும் கேட்டது. எல்லோரும் சம்மதித்தார்கள். நான்காம் நாள் நீர் பழைய அளவுக்கு வந்தது.

பாதிப் பயிர்தான் பிழைத்தது. அதையும் விதைக்கு உதிரவிட வேண்டும், ஒருவரும் தொடக்கூடாது என்று சபை தீர்மானித்தது. அந்தக் குளிர்காலம் எல்லோருக்கும் அரை வயிறுதான். பீவர் பட்டையைத் தின்பதற்காகச் சேர்த்து வைத்திருந்த கிளைகளைப் பசித்தவர்களுக்குப் பங்கிட்டது. மறு கோடையில் ஏரி முழுவதும் பயிர் பச்சென்று எழுந்தது.

ஒரு நிலத்தின் நன்மை தீமை யாரைத் தொடுகிறதோ, அவர்கள் கூடிப் பேசி ஆள்வதே அந்த நிலத்துக்குக் காவல்.