பிரியாத ஜிகினா வளையம்

அந்தப் பக்கம் கயல் முதுகு, இந்தப் பக்கம் உன் முதுகு. நடுவுல நான். நல்லா இருக்குடி இனியா, அக்கா தங்கச்சி லட்சணம்! அவ தூங்கிட்டா. நீ கதை கேளு. ‘ம்’ போடணும், நிறுத்தினா சித்தியும் நிறுத்திடுவேன்.

ஒரு ஊர்ல ஒரு வீடு. அதுல ஒரு அக்கா, ஒரு தங்கச்சி. அக்கா பேரு பவுனு, தங்கச்சி பேரு மயிலு. தேருக்குக் காகித ஜோடனை பண்றதுதான் அவங்க வேலை. ஒருநாள் சண்டை வந்துடுச்சு. எதுக்குன்னு கேக்காத, அவங்களுக்கே மறந்துபோச்சு. ஆனா பேச்சு நின்னுபோச்சு. வீட்டு நடுவுல சுவரு வெச்சுப் பிரிஞ்சுக்கலாம்னு கொத்தனாரை வரச் சொல்லிட்டாங்க.

ம்?

அப்போ கோயில்லேர்ந்து ஆள் வந்தாரு. "சாயங்காலம் தேரு. ரெண்டு ஜிகினா வளையம் வேணும், ஒரே அளவுல."

அதுக்கு அவங்க ஒரு வழி வெச்சிருந்தாங்க. ஜிகினாத் தாள்ல அகலமா ஒரு பட்டை எடுத்து, ஆளுக்கு ஒரு நுனி புடிச்சு வளையமா ஒட்டுவாங்க. அப்புறம் நடுக்கோட்டுலயே சுத்தி வெட்டுவாங்க. ஒண்ணு ரெண்டாயிடும், அளவும் பிசகாது.

அன்னிக்கு மூஞ்சியப் பாக்கக் கூடாதே! முதுகோட முதுகா நின்னு, நுனிய மட்டும் பின்னாடி நீட்டினாங்க. பவுனு நுனியில ஜிகினாப் பக்கம் மேல, மயிலு நுனியில வெள்ளைப் பக்கம் மேல. யாரு பாத்தா? பட்டை ஒரு முறுக்கு முறுக்கிக்கிட்டது தெரியாமலே சப்புன்னு ஒட்டியாச்சு.

அப்புறம் கத்தரிக்கோலு. சர்ர்ர்... சர்ர்ர்... வெட்டி முடிச்சா, ரெண்டு வரல. ஒரே வளையம்! முன்னைவிடப் பெருசா!

ம்?

பவுனுக்குக் கோவம். அதையே மறுபடி நடுவுல வெட்டினா. சர்ர்ர்... இப்போ ரெண்டு வந்துச்சு. ஆனா ஒண்ணுக்குள்ள ஒண்ணு கோத்துக்கிட்டு! அவ இந்தப் பக்கம் இழுத்தா, இவ அந்தப் பக்கம் இழுத்தா. ம்ஹூம், பிரியல.

கோயில் மேளம் டம் டம்னு கேக்குது. ஜிகினா இன்னும் ஒரு பட்டைக்குத்தான் இருக்கு. அதுவும் போச்சுன்னா தேரு மொட்டையா போகும். மயிலுக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

"அக்கா, பயமா இருக்கு. கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பேன்."

பவுனு திரும்பிட்டா.

"உன் நுனியப் புரட்டுடி. வெள்ளை மேல இருக்கு பாரு."

"அட, ஆமா!"

நேரா பாத்து ஒட்டினாங்க. சர்ர்ர்... ரெண்டு வளையம், ஆளுக்கு ஒண்ணா, சமத்தா வந்து விழுந்துச்சு. கோயில் ஆளு வாங்கிட்டு ஓடினாரு.

அப்புறம் கொத்தனாரு வந்தாரு. "சுவரு எங்கம்மா வைக்கணும்?"

மயிலு அந்தக் கோத்துக்கிட்ட வளையத்தை எடுத்து, சுவரு வரவேண்டிய இடத்துக்கு நேர் மேல, உத்தரத்துல கட்டித் தொங்கவிட்டா.

பவுனு சொன்னா, "முதுகைக் காட்டி ஒட்டினதே பிரிய மாட்டேங்குது. நீங்க எங்க பிரிக்கப் போறீங்க? டீ குடிச்சிட்டுப் போங்க அண்ணே."

ம்?

இதென்ன, ‘ம்’ ரெண்டா கேக்குது! அடியே கயல், நீ இன்னும் தூங்கலியா? அப்ப நான் எதுக்கு நடுவுல? நகரு, எழுந்துக்கறேன்.

கதை முடிஞ்சுது, கத்தரிக்கோலை வெச்சாச்சு. போர்வை ஒண்ணுதான் இருக்கு. இந்தப் பக்கம் திரும்பி, ஒட்டிப் படுத்துத் தூங்குங்க.