முத்திருளப்பனின் விண்ணப்பம்

ராஜபாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் ஒரு தியானக் குடில் இருந்தது. அதன் குரு மரகதவல்லி. வயது நாற்பதைத் தொடவில்லை. பிரசங்கம் செய்யமாட்டார். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வார். சில நேரம் அதுவும் சொல்லமாட்டார். காலையில் கொஞ்ச நேரம் மௌனம். வருகிறவர்கள் அவர் எதிரில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போவார்கள்.

அப்படி வருகிறவர்களில் முத்திருளப்பனும் ஒருவர். ஐம்பதைத் தாண்டியவர். நூற்பாலையில் ஃபிட்டராக இருந்தார். ஆலையை மூடிவிட்டார்கள். மனைவி அப்பளக் கம்பெனிக்கு வேலைக்குப் போய் வீட்டை ஓட்டிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் மௌனம் முடிந்து எல்லோரும் எழுந்து போன பிறகும் அவர் மட்டும் உட்கார்ந்திருந்தார்.

"என்ன அண்ணாச்சி?" என்றார் மரகதவல்லி.

"உங்ககிட்ட கேட்கக் கூடாத கேள்வியா இருக்கலாம்மா."

"கேளுங்க."

"வேலைக்கு விண்ணப்பம் எப்படி எழுதணும்?"

மரகதவல்லி சிரிக்கவில்லை. கடவுளைப் பற்றிக் கேட்டவர்களிடம் காட்டும் அதே முகத்தோடு அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"எந்த வேலைக்கு?"

ஊருக்குள் ஒரு தர்ம ஆஸ்பத்திரி. பச்சிளங்குழந்தைகள் பிரிவில் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமென்று அறிவிப்பு வந்திருந்தது. முத்திருளப்பன் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். மரகதவல்லி வாய்விட்டுப் படித்தார்.

"மதிப்பிற்குரிய ஐயா, நான் கடின உழைப்பாளி. நான் நேர்மையானவன். நான் காலம் தவறாதவன். எந்த வேலை கொடுத்தாலும் திறம்படச் செய்து முடிப்பேன்."

நிமிர்ந்து பார்த்தார். "யார் எழுதினது?"

"பிரவுசிங் சென்டர்ல அடிச்சுத் தந்தாங்க. எல்லாருக்கும் இதுதான். கம்பெனி பேரை மட்டும் மாத்திக்கிடணும்."

"எங்கெல்லாம் அனுப்பினீங்க?"

"சிமெண்ட் ஆலை, ஐஸ் ஃபேக்டரி, பஸ் கம்பெனி. ஒருத்தரும் பதில் போடலை."

"ஆஸ்பத்திரியில என்ன மெஷின்?"

"ஏதோ பிள்ளைங்களை வைக்கிற மெஷின்னு போட்டிருந்தது."

"பார்த்திருக்கீங்களா?"

"இல்லைம்மா."

மரகதவல்லி தாளை மடித்து அவரிடமே கொடுத்தார்.

"நாளைக்குக் காலையில வாங்க. பேனா, பேப்பர் எதுவும் வேண்டாம்."

மறுநாள் இருவரும் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கே வார்டைக் கவனித்துக்கொண்ட நர்ஸ் பிலோமினாவுக்கு மரகதவல்லியைத் தெரியும். குழந்தை உள்ளே இருக்க, வெளியே காத்துக் கிடக்கும் தாய்மார்களோடு வந்து உட்கார்ந்திருப்பவர் என்று தெரியும். கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொள்ளச் சொன்னாள்.

முத்திருளப்பன் பார்த்தார்.

கண்ணாடியை ஒட்டி ஓர் இன்குபேட்டர். உள்ளே ஒரு குழந்தை. அவருடைய உள்ளங்கையில் வைத்தால் காலும் தலையும் கொஞ்சம்தான் வெளியே நீட்டியிருக்கும். தோலுக்குள் ரத்தம் ஓடும் நரம்பு தெரிந்தது. மார்பு ஏறும்போது விலா எலும்புகள் வரிவரியாகத் தெரிந்தன. இறங்கியது. அடுத்த மூச்சு வருமா என்று தன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். வந்தது.

"எப்ப பிறக்க வேண்டியது, சிஸ்டர்?"

"ஆடியில. சித்திரையிலேயே வந்துட்டா."

"அப்ப ஆடி வரைக்கும்?"

"தாய் வயித்துல கிடைக்க வேண்டிய சூட்டை இதுதான் கொடுக்கணும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது."

அவர் கண்ணாடியில் கை வைத்தார். சட்டென்று எடுத்துக்கொண்டார். விரல்பட்ட இடத்தைத் தோள்துண்டால் துடைத்தார்.

பக்கத்துப் பெட்டியில் இரண்டு குழந்தைகள் இருந்தன. ஒன்றின் கை மற்றொன்றின் காதின் மேல் கிடந்தது.

"இரட்டையா?"

"இல்லைங்க. அவன் தாய்க்கு ஊர் சிவகாசி. இவளை மலையிலேர்ந்து தூக்கிட்டு வந்தாங்க. பெட்டி பத்தலை. ஒண்ணு ரிப்பேராகி நிக்குது."

பிலோமினா கைகாட்டிய மூலையில், துணி போர்த்தி ஒரு பெட்டி நின்றது. சக்கரத்தை யாரோ கயிற்றால் கட்டியிருந்தார்கள்.

வெளியே பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். காய்ந்த முகம். அவர் மூலையையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கவனித்துவிட்டு எழுந்து வந்தாள்.

"ஐயா, பெட்டியைச் சரிபண்ண வந்தவுகளா நீங்க?"

முத்திருளப்பன் வாயைத் திறந்தார். மரகதவல்லியைப் பார்த்தார். மரகதவல்லி வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் இல்லைம்மா," என்றார்.

திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கும்போது அவர், "எத்தனையோ மெஷினைப் பார்த்திருக்கேன். உள்ளே உசிரு இருக்கிற மெஷினை இப்பத்தான் பார்க்கிறேன்," என்றார்.

சில நாள் அவர் குடிலுக்கு வரவில்லை. வந்தபோது கையில் ஒரு வெள்ளைத்தாள். அவரே எழுதியது. கோணல் எழுத்து.

"ஐயா, உங்கள் குழந்தைகள் பிரிவுக்கு வந்து பார்த்தேன். ஒரே பெட்டியில் இரண்டு பிள்ளைகள் படுத்திருக்கிறார்கள். மூலையில் ஒரு பெட்டி பழுதாகி நிற்கிறது. அதைப் பார்க்க என்னை அனுமதியுங்கள். நூற்பாலையில் பஞ்சுக்கு ஏற்ற சூடும் ஈரமும் காற்றில் குறையாமல் பார்த்துக்கொள்வதும் என் வேலையாக இருந்தது. மோட்டார், விசிறி, வயரிங் தெரியும். இன்குபேட்டரை இதுவரை நான் திறந்ததில்லை. தெரிந்தவர் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்வேன். அவர் போதும் என்று சொல்லும்வரை தனியாகத் தொடமாட்டேன்."

கீழே பெயரும் போன் நம்பரும்.

"அந்தத் திறந்ததில்லைங்கிற வரியை எடுத்துடுங்க, இல்லேன்னா வேலை கிடைக்காதுன்னு மருமகன் சொல்றார்," என்றார் முத்திருளப்பன். "எடுத்துடட்டுமா?"

"அந்தப் பெஞ்சுல இருந்த பொண்ணு இதைப் படிச்சா, எந்த வரியை எடுக்கச் சொல்லுவா?"

அவர் யோசித்தார். தாளை அப்படியே மடித்து உறையில் போட்டார்.

ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. நேரில் போனார். பெரிய டாக்டர் அவருடைய சான்றிதழ்களைப் புரட்டிப் பார்த்தார். பிறகு கடிதத்தை இன்னொரு தடவை படித்தார். "எப்ப வர்றீங்க?" என்று மட்டும் கேட்டார்.

மதுரையிலிருந்து வந்துபோகும் இன்ஜினியர் ஸ்டெல்லாவிடம் அவரை ஒப்படைத்தார்கள். மகள் வயதுப் பெண். அவள் பிரிக்கச் சொன்னதைப் பிரித்தார். பூட்டச் சொன்னதைப் பூட்டினார். கேட்டதையே மறுபடி கேட்டார். அவளும் சலிக்காமல் சொன்னாள். மூலையில் நின்ற பெட்டிக்குப் புது விசிறி வந்தது, சூடு அளக்கும் புதுக் கருவி வந்தது. சரியான பிறகும் பல நாள் அதைக் காலியாகவே ஓடவிட்டுச் சூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் ஸ்டெல்லா, "போதும் சார்," என்றாள்.

அடுத்த வாரம் ஒரு காலையில் முத்திருளப்பன் குடிலுக்கு வந்தார். மரகதவல்லி கீரைப் பாத்தியில் களை எடுத்துக்கொண்டிருந்தார். இவரும் பாத்தியோரம் குந்தினார்.

"நாலு நாளைக்கு முன்னாடி அந்தப் பெட்டியில ஒரு பொம்பளைப் பிள்ளையை வெச்சாங்கம்மா."

"எப்படி இருக்கா?"

"நல்லா தூங்குறா. பால் குடிக்கிறாளாம்." ஒரு களையைப் பிடுங்கிப் போட்டார். "எனக்குத்தான் ஒண்ணு ஆயிட்டுது."

"என்ன?"

அவர் கைகளை நீட்டிக் காட்டினார்.

"வேலை செய்யுறப்ப ஒண்ணும் இல்லை. முடிச்சுட்டு வெளியே வந்து, உள்ளே அவ படுத்திருக்கிறதைப் பார்த்ததும் நடுங்க ஆரம்பிச்சுடுது. ஆலையில ஆள் உயர மெஷினையெல்லாம் பிரிச்சுப் போட்டவன் நான். ஒரு நாளும் இப்படி இல்லை. இது எப்பம்மா நிக்கும்?"

மரகதவல்லி அந்தக் கைகளைப் பார்த்தார்.

"நின்னுடுச்சுன்னா அன்னைக்கே வாங்க அண்ணாச்சி," என்றார். "வேற வேலைக்கு விண்ணப்பம் எழுதிடலாம்."