நாலு பேருக்குப் போதுமான கல்யாணம்

அன்று ஊர் மன்றத்தில் இருந்தவர்கள்: தலைவர் ஆவுடையப்பன், அவர் சொன்னதையே திருப்பிச் சொல்லும் வேலாண்டி, கணினியில் தட்டும் தில்லைக்கண்ணு, எதிலும் ஒரு சந்தேகம் வைத்திருக்கும் குமரகுரு. ஆக நாலு பேர். எதிரே, மகள் கல்யாணத்தை ஊர் வலைப்பூவில் போடச் சொல்லி வந்த சங்கிலி.

சங்கிலிக்கு ஒரே கவலைதான். "உங்க ஊர்ல உங்களுக்குன்னு யாரு வருவா?" என்று சம்பந்தி சிரித்திருந்தார். அந்த வாயை அடைக்கவே ஊருக்கென்று தனியாக முந்நூறு இலை வாங்கியிருந்தார் சங்கிலி. அந்த ஊரிலோ வலைப்பூவில் பார்க்காமல் யாரும் தும்மக்கூட மாட்டார்கள்.

வலைப்பூவை அமைத்துக் கொடுத்த பெண் மூன்று பிரிவுக்கு மூன்று டெம்ப்ளேட் வைத்துவிட்டுப் போயிருந்தாள்: இரங்கல், காணவில்லை, சமையல். "எந்தக் கட்டத்தையும் காலியா விடாதீங்க. ஏற்கெனவே இருக்கிற எழுத்தைத் தொடாதீங்க" என்பது அவள் உத்தரவு.

"இரங்கல்ல போடலாம். போட்டோவுக்கு மாலை தயாரா இருக்கு" என்றார் தலைவர்.

"மாலை தயாரா இருக்கு" என்றார் வேலாண்டி.

"மறைந்த தேதின்னு ஒரு கட்டம் இருக்கே?" என்றார் குமரகுரு.

தலைவர் யோசித்தார். "சங்கிலி, மாப்பிள்ளைக்கு எந்தத் தேதி தோதுப்படும்னு கேட்டுச் சொல்லிடு."

சங்கிலி தலையில் கை வைத்தார். "ஐயா சாமி, விருந்துதான் இருக்கே, சமையல்ல போட்டுத் தொலைங்க!"

போட்டார்கள். தேவையான பொருள்கள்: மாப்பிள்ளை ஒன்று, பெண் ஒன்று, மஞ்சள் தேவையான அளவு. செய்முறை: வெள்ளிக்கிழமை காலை மாப்பிள்ளையை நன்றாகக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, பெண்ணோடு சேர்த்து மண்டபத்தில் நெருப்புக்கு முன் வைக்கவும். இடையிடையே சுற்றிவிடவும். அடியில் 'நாலு பேருக்குப் போதும்' என்று ஏற்கெனவே இருந்தது. அதை யாரும் தொடவில்லை.

வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் முதல் பந்தியில் சாப்பிட்டு ஏப்பம் விட்டார்கள். அடுத்த பந்தியில் மன்றத்தார் நாலு பேரும் வந்து உட்கார்ந்தார்கள். வேறு ஈ காக்கை இல்லை.

"ஊர் எங்கய்யா?" என்று அலறினார் சங்கிலி.

"நாலு பேருக்குத்தானே போதும்? நாங்க வந்துட்டோம்ல" என்றார் தலைவர், பாயசத்தை உறிஞ்சிக்கொண்டே.

சம்பந்தி வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவியபடி சிரித்தார்.

"என் ஊர்க்காரங்க இப்பவே வந்தாகணும்! எதையாவது போடுங்கய்யா!"

"வராதவங்களை எதுல போடுறது?" என்றார் குமரகுரு.

நாலு பேருக்கும் ஒரே நேரத்தில் விளங்கிவிட்டது. தில்லைக்கண்ணு எச்சில் கையோடு செல்பேசியில் தட்டினார். காணவில்லை: ஊர்மக்கள். அடையாளம்: பசியோடு இருப்பார்கள். கடைசியாகப் பார்த்த இடம்: அவரவர் வீடு.

சற்று நேரத்தில் தெருவில் ஒரே ஆரவாரம். சங்கிலி வாசலுக்கு ஓடினார். ஊரே திரண்டு வந்துகொண்டிருந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "வாங்க, வாங்க! இலை போட்டாச்சு!"

"சாப்பிட ஏது நேரம், சங்கிலி? ஊர்மக்களைக் காணோமாம்! பாவம், பசியோட எங்க அலையுறாங்களோ!" என்று கூட்டம் மண்டபத்தைத் தாண்டிக் கண்மாய்ப் பக்கம் ஓடியது. கை கழுவாமல் மன்றத்தாரும் ஓடினார்கள். மனசு கேட்காமல் சம்பந்தியும் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னால் ஓடினார்.

மீதி இருந்த இலை, இருநூற்றுத் தொண்ணூற்றாறு.